திட்டும் பாடத்தில் சேர்த்தி

ஜனவரி 8, திங்கள்

கல்லூரி முதல்வர் பழிதீர்த்துக்கொண்டார். போன மாதக் கூட்டத்தில் அவர் பேசிக்கொண்டிருக்கும்போது நான் வாயைப் பொத்தாமல் கொட்டாவி விட்டதற்கு இன்று பலன் கிடைத்தது. என் நர்சிங் வகுப்பைப் பிடுங்கி வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டு, 'சிறப்புப் பிரிவு' என்று ஐந்து பேரை என் தலையில் கட்டியிருக்கிறார்.

ஐந்து பேரும் மருத்துவமனையில் கத்தரி, இடுக்கி, துணிப் பொட்டலம் எல்லாவற்றையும் நீராவி மெஷினில் வைத்துக் கிருமி நீக்கும் அறையில் எடுபிடி வேலை செய்கிறவர்கள். சான்றிதழ் இல்லாதவர்கள் இனி அந்த அறைக்குள் நிற்கக்கூடாது என்று புது உத்தரவு. இவர்களுக்குப் படிப்பு ஏறாது, கற்றல் குறைபாடு என்று யாரோ பரிசோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சோம்பேறித்தனத்துக்குப் புதுப் பெயர். ஆபரேஷன் தியேட்டரில் தலைமை நர்ஸாக இருந்து டாக்டர்களையே விரட்டியவளுக்கு இந்தக் கதி!

அடித்தள அறை. ஜன்னல் இல்லை. மூலையில் பயிற்சிக்கென்று ஒரு பழைய மெஷின், போட்டால் ஊர்க்கதை எல்லாம் முனகிவிட்டுத்தான் சூடாகும். பலகையில் அதை இயக்கும் பதினொரு படிகளையும் பெரிய எழுத்தில் எழுதினேன். முன்வரிசையில் ஒருத்தி கையைத் தூக்காமலே எழுந்து பேசினாள்.

"பெரிசா எழுதினா எழுத்து நின்னுடுமா மேடம்? சின்னதா ஓடினது இப்பப் பெரிசா ஓடுது, அவ்ளோதான்."

"நீ முதல்ல உக்காரு" என்றேன்.

"எனக்கு நாப்பத்தோரு வயசு. நீங்கன்னு சொல்லுங்க."

வக்கீல் என்று பெயர் வைத்துவிட்டேன். இனி இந்த நோட்டில் அவள் வக்கீல்தான்.

ஜனவரி 11, வியாழன்

சிறப்புக் கல்வி ஆலோசகர் என்று ஒரு பெண் வந்தாள். சிரித்த முகம், சீனிப் பாகு மாதிரிக் குரல். வாயைத் திறந்தால் கையில் ஒட்டும். பாகு என்றே வைத்துக்கொள்கிறேன். எல்லாரையும் "செல்லங்களா" என்றாள். அதில் ஒருவருக்கு ஐம்பது வயது, பேரன் இருக்கிறான்.

முதல் படியைச் சரியாகச் சொன்னவர்களின் கையில் தங்க நட்சத்திரம் ஒட்டினாள். வக்கீல் தன் கையிலிருந்ததைப் பிய்த்துப் பாகுவின் முழங்கையில் ஒட்டிவிட்டு, "நீங்களும் நல்லாச் சொன்னீங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். வக்கீலுக்கு நான் சிரித்தது தெரிந்தால் நாளை என் தலையில் ஏறி உட்காருவாள்.

ஜனவரி 18, வியாழன்

இன்று ஒருத்தி வெந்திருப்பாள்.

மெஷின் ஓடி முடிந்தது. மீட்டரில் முள் இறங்கிக்கொண்டிருக்கிறது, இன்னும் பாதியில் இருக்கிறது — வக்கீல் நேரே போய்க் கதவின் சக்கரத்தைப் பிடித்துத் திருக ஆரம்பித்தாள். பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் தரையில். ஓரத்தில் சீறிய ஆவி சுவரில் அடித்தது. அவள் முகம் இருந்திருக்க வேண்டிய இடம்.

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். வேலைக்காரியா, கொலைகாரியா என்று கூடக் கேட்டேன். அவளும் விடவில்லை. "கையைப் புடிச்சு இழுக்கலாம், காலரைப் புடிப்பீங்களா? நான் என்ன திருடியா?"

"முள்ளைப் பாக்கணும்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"சொன்னீங்க. பதினொண்ணும் சொன்னீங்க. எது எதுக்கு அப்புறம்னு எனக்கு நிக்க மாட்டேங்குது. எல்லாம் மொத்தமாக் கொட்டிக் கிடக்கு. தேடி எடுக்கறதுக்குள்ள கை போயிடுது."

இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் இறங்கியிருந்தது. சோம்பேறி இப்படிச் சொல்லமாட்டாள். எனக்கு அது பிடிக்கவில்லை, நான் நினைத்தது தவறாகப் போவது எனக்கு எப்போதுமே பிடிக்காது.

ஜனவரி 19, வெள்ளி

பேரன் வைத்திருப்பவர் சொல்லித் தெரிந்தது. வக்கீலின் நாத்தனார் அதே மருத்துவமனையில் தரை துடைப்பவர்களுக்கு மேற்பார்வையாளர். வக்கீல் தேறாவிட்டால் துடைப்பம் பிடிக்க அனுப்புவார்கள் — நாத்தனாரின் கீழே. நாத்தனார் இப்போதே வீட்டில் சொல்லிவிட்டாளாம், "எனக்குக் கீழ வா, எப்படிக் கூட்டணும்னு நான் காட்டறேன்" என்று. இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் சாப்பிடுகிறார்கள்.

பாவம் என்று எழுதப் போனேன். எழுதவில்லை. அவளிடம் போய்ச் சொன்னால் கடித்துவிடுவாள்.

ஜனவரி 30, செவ்வாய்

படிக்க முடியாதவர்கள் காதால் கேட்கட்டும் என்று பாகு பதினொரு படிகளையும் தன் குரலில் பதிவு செய்து எல்லார் போனிலும் ஏற்றிக் கொடுத்தாள். பின்னணியில் புல்லாங்குழல் வேறு. "இப்போது நாம் மெதுவாகக் கதவின் ரப்பரைத் துடைக்கிறோம், சரியா?" யோசனை என்னவோ நல்ல யோசனைதான், ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவது படிக்குள் இருவர் தூங்கிவிட்டார்கள்.

வக்கீல்: "எல்லாப் படியும் ஒரே மாதிரி இருக்கு. எது மூணு, எது ஏழு? ஒரே இனிப்பா இருந்தா எப்படிக் கண்டுபிடிக்கறது?"

பாகுவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பதிவு செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வீம்புக்கு.

பிப்ரவரி 4, ஞாயிறு

படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு பதிவு செய்தேன். ஒன்பதாவது படியில், "முள் பூஜ்யத்துக்கு வந்துச்சான்னு பாரு" என்று முடிக்கிற நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் கதவைத் திறந்து, "என் கண்ணாடியைப் பாத்தியா?" என்கிறார்.

"கண்ணு என்ன முதுகுலயா இருக்கு? மேஜை மேலதானே கிடக்கு!"

அதுவும் சேர்ந்து பதிவாகிவிட்டது. வெட்டி எடுக்க எனக்குத் தெரியாது. திரும்ப முதலிலிருந்து பேசப் பொறுமையும் இல்லை. அப்படியே கொடுத்துவிடப் போகிறேன், யாருக்கு என்ன நஷ்டம்.

பிப்ரவரி 6, செவ்வாய்

ஒன்பதாவது படியை வக்கீல் தவறவிடவில்லை! மற்றதெல்லாம் வழக்கம்போலக் குழப்பம். ஆனால் கதவுக்கு முன்னால் போனவள் நின்றாள். உதடு அசைந்தது. மீட்டரைப் பார்த்தாள், காத்திருந்தாள்.

"என்ன முணுமுணுக்கறீங்க?"

"கண்ணு என்ன முதுகுலயா இருக்கு."

என்னைத்தான் கேலி செய்கிறாள் என்று வெளியே போகச் சொன்னேன். போகவில்லை. "அது இருக்கறதாலதான் மேடம் இந்தப் படி தனியாத் தெரியுது. மத்ததெல்லாம் ஒரே கூட்டம். இது மட்டும் கூட்டத்துல நின்னு கத்துது. எல்லாப் படிக்கும் ஒண்ணு ஒண்ணு போட்டுக் குடுங்க."

"திட்டா?"

"ஆமா. வேற வேறயா. நீன்னே சொல்லுங்க, பதிவுல மட்டும். நீங்கன்னு சொல்லித் திட்டினா ஒறைக்காது."

ஆண்டவனே. கேட்டு வாங்குகிறாள்.

பிப்ரவரி 11, ஞாயிறு

பதினொரு திட்டுகள், ஒன்று போல் ஒன்று இல்லாமல். இது சுலபமில்லை. ஒவ்வொன்றும் அந்தந்தப் படியோடு ஒட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இடம் மாறிவிடும். காலையிலிருந்து மண்டையை உடைத்துக்கொண்டேன்.

ரப்பருக்கு: "துடை. யாராவது வந்து துடைப்பாங்கன்னு விட்டுட, இது உன் மாமியார் வீடா?" பொட்டலம் அடுக்க: "இடம் விட்டு வை. ஆள் மேல ஆள் ஏத்த இது பஸ்ஸா?" பூட்டுக்கு: "சத்தம் கேட்டுச்சா? காதுல பஞ்சா?" ஒன்பதாவதுக்கு இவருடைய கண்ணாடி புண்ணியத்தில் ஏற்கெனவே இருக்கிறது. கதவைத் திறக்கும் பத்தாவதுக்குத்தான் நல்ல காட்டமாக வேண்டும். நேருக்கு நேர் நின்றால் ஆவி முகத்தில் அடிக்கும், அதனால்: "நேரா நிக்கறியே, வெந்து சாகணுமா? ஒதுங்கு, எருமை!"

இவர் பக்கத்து அறையிலிருந்து, "இத்தனை வருஷமா இதெல்லாம் நான் சும்மாவே கேட்டுக்கிட்டிருக்கேன், ஒரு சான்றிதழும் குடுக்கலையே" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் மாலையில் இவரைத் தனியாகக் கூப்பிட்டு, ஏதாவது பிரச்சினையா என்று விசாரித்தாராம்.

பிப்ரவரி 21, புதன்

நிற்கிறது. பதினொன்றும் வரிசையாக நிற்கிறது. வக்கீல் உதட்டால் முனகிக்கொண்டே முழுதும் செய்தாள், பிசகே இல்லை.

எல்லாருக்கும் இது ஒத்துவரவில்லை. பேரன் வைத்திருப்பவர் முதல் திட்டிலேயே விறைத்துப்போனார். அவருடைய அப்பா குரல் மாதிரி இருக்கிறதாம். அவர் முன்பு பஸ்ஸில் நடத்துனர். சரியென்று அவருக்கு மட்டும் ஒவ்வொரு படியையும் ஒரு நிறுத்தமாக்கிச் சொன்னேன். ரப்பர் துடைப்பது தபால் நிலையம், பூட்டு பாலத்தடி, முள் பூஜ்யம் மருந்துக்கடை. இப்போது மனிதர் விசில் அடிக்காத குறைதான்.

வகுப்பு முடிந்து வக்கீலிடம், "நல்லாச் செஞ்சீங்க" என்றேன். என் வாயிலிருந்து அது வருவதே அபூர்வம்.

"உங்க குரல் வீட்லயும் வருது. பாத்திரம் தேய்க்கும்போது, குளிக்கும்போது. சனியன் புடிச்ச மாதிரி" என்றாள். போய்விட்டாள்.

மார்ச் 5, செவ்வாய்

பாகு பதிவைக் கேட்டுவிட்டாள். நேரே முதல்வரிடம். அவர் என்னைக் கூப்பிட்டு, "மாற்றுத்திறனாளிகளை எருமை என்று சொல்வீர்களா?" என்றார். வக்கீல் கேட்டுத்தான் சொன்னேன் என்றேன். அழிக்கச் சொன்னார். தேர்வு முடியட்டும், அழிக்கிறேன் என்றேன். இப்போது அழித்தால் அவளுக்குப் பழையபடி எல்லாம் கொட்டிப்போகும்.

பாகு வெளியே நின்று, "உங்களுக்கு அவங்க மேல வெறுப்பு இருக்கு, அதைப் பாடம்ங்கறீங்க" என்றாள். இருக்கலாம். உன் அன்பில் அவர்கள் தூங்கினார்கள், என் வெறுப்பில் விழித்திருக்கிறார்கள். நேரில் இதைச் சொல்லத் தோன்றவில்லை, வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றுகிறது. எப்போதும் இப்படித்தான்.

மார்ச் 14, வியாழன்

நாசமாய்ப் போயிற்று.

ஆசிரியர்கள் தேர்வறைக்குள் போகக்கூடாது. கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியூர்த் தேர்வாளர், மடிப்புக் கலையாத சட்டை, கையில் அட்டை. நான்கு பேர் முடித்துவிட்டார்கள், நான்கு பேரும் தேர்ச்சி. கடைசியில் வக்கீல்.

ரப்பர், அடுக்கல், பூட்டு, எல்லாம் ஒழுங்கு. ஆனால் பதற்றத்தில் முனகல் பேச்சாகிவிட்டது. ஒன்பதாவது படியில் அந்த ஆள் மீட்டரைப் பார்க்காமல் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். "கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?" என்று கதவைத் தாண்டி எனக்கே கேட்டது. அவர் நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் சும்மா இராமல் இரண்டு எட்டு வைத்து மெஷின் கதவுக்கு நேராக வந்து நின்றார்.

அவள் சக்கரத்தில் கையை வைத்துக்கொண்டு, கணீரென்று —

"நேரா நிக்கறியே, வெந்து சாகணுமா? ஒதுங்கு, எருமை!"

ஒதுங்கினார். அவள் கதவைத் திறந்தாள், ஆவி போனது, பொட்டலங்களை எடுத்து வைத்தாள். பதினொரு படியும் சரி. அவர் அட்டையில், தேர்வாளரை இழிவாகப் பேசியதால் நீக்கம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மார்ச் 15, வெள்ளி

வாசலுக்கு எதிரே டீக்கடையில் வக்கீல் பிடித்துக்கொண்டாள். அத்தனை பேர் முன்னால்.

"உங்க வாயால என் பொழப்பு போச்சு. நாத்தனார் எனக்குன்னு ரெண்டாவது மாடி வராந்தாவை ஒதுக்கிட்டா. புதுத் துடைப்பம் வாங்கி வெச்சிருக்காளாம்."

"மனசுக்குள்ள சொல்லிக்க வேண்டியதுதானே?"

"மனசுக்குள்ள சொன்னாக் கலைஞ்சிடும். வாயால சொன்னாத்தான் நிக்கும். இது உங்களுக்குத் தெரியாதா? நீங்கதானே பாத்துக்கிட்டே இருந்தீங்க?"

தெரியும். தினமும் பார்த்தேன். உதடு அசைந்தபோதெல்லாம் என் திறமையை நானே மெச்சிக்கொண்டிருந்தேனே தவிர, எதிரில் இன்னொரு ஆள் நிற்பான், அவனுக்கும் காது இருக்கும் என்று எனக்கு உறைக்கவில்லை. அதனால் இன்னும் சத்தமாகக் கத்தினேன். அவளும் கத்தினாள். டீக்கடைக்காரர் இரண்டு பேரையும் போகச் சொன்னார்.

மார்ச் 19, செவ்வாய்

பாகு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். வக்கீல் தன் குறைபாட்டால் என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் பேசிவிட்டதாகவும், கருணை காட்டும்படியும் கேட்க வேண்டுமாம். மறு தேர்வு கிடைத்துவிடுமாம்.

வக்கீல்: "என்ன பேசினேன்னு எனக்கு நல்லாத் தெரியும். எழுத்துதான் எனக்கு ஓடும். புத்தி ஓடாது. வராந்தாவே பெருக்கறேன், இதுக்குக் கையெழுத்துப் போடமாட்டேன்."

பாகு அழுதாள். வக்கீல் அழவில்லை. எனக்கு அவளை அறையவும் தோன்றியது, எழுந்து நின்று கை தட்டவும் தோன்றியது.

மார்ச் 20, புதன்

முதல்வர் தனியாகக் கூப்பிட்டார். வரும் செவ்வாய் அந்த நீக்கம் பற்றி விசாரணை. "அந்த அம்மாவின் சுபாவமே அப்படித்தான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பதிவு பற்றிப் பேச்சே வராது. அடுத்த மாதம் நர்சிங் வகுப்பு உங்களுக்கே."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பொய் எழுத மாட்டேன்: யோசித்தேன். எனக்கு அந்த வகுப்பு வேண்டும். ஜன்னல் இருக்கிற அறை வேண்டும். அவள் சுபாவமும் அப்படித்தானே, அதில் என்ன பொய்?

இவரிடம் சொன்னேன். "சரி, அப்படியே சொல்லிடு. அப்புறம் வீட்டுக்கு வந்து என்னைத் திட்டாதே" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொலைக்காட்சியைப் போட்டுக்கொண்டார். இந்த மனுஷனோடு எப்படிக் காலம் தள்ளுகிறேன்.

மார்ச் 26, செவ்வாய்

நீள மேஜை. முதல்வர், தேர்வாளர், பாகு. எதிர்ப்பக்கம் வக்கீல், நான், நடுவில் ஒரு காலி நாற்காலி.

என்னைக் கேட்டதும் போனை மேஜையில் வைத்துப் பதிவைப் போட்டேன். என் குரல் அறை முழுக்கப் பரவியது. மாமியார் வீடா, பஸ்ஸா, காதுல பஞ்சா. முதல்வர் கையை நீட்டி நிறுத்தப் பார்த்தார், நான் போனை இழுத்துக்கொண்டேன். எருமை வரைக்கும் ஓடவிட்டேன். எவ்வளவு அசிங்கமான குரல் எனக்கு! யாரும் எனக்குச் சொன்னதில்லை.

"இதுதான் பாடம். ஒவ்வொரு வார்த்தையும் என்னுடையது. அவங்க உங்களை ஒண்ணும் சொல்லல. நான் சொல்லிக் குடுத்ததை ஒப்பிச்சாங்க" என்றேன்.

தேர்வாளர், "எருமை என்பதும் செயல்முறையில் உண்டா?" என்றார்.

"உண்டு. பத்தாவது படி. கதவுக்கு நேரா யார் நின்னாலும் ஒதுக்கணும். நீங்க அங்கேதான் நின்னீங்க. ஒதுங்கவும் செஞ்சீங்க. அவங்க வாயை மூடிக்கிட்டுக் கதவைத் திறந்திருந்தா இந்நேரம் உங்க மூஞ்சிக்கு மருந்து போட்டுக்கிட்டு இருப்பாங்க."

அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். முதல்வர்தான் விடவில்லை. வக்கீல் பக்கம் திரும்பி, குரலைக் குழைத்து, "பயப்படாமல் சொல்லுங்கள் அம்மா. இந்த ஆசிரியை உங்களை இழிவுபடுத்தினாரா?" என்றார்.

"ஆமா" என்றாள் வக்கீல்.

படுபாவி. உனக்காக வந்து உட்கார்ந்தேனே —

"தினமும். காலரைப் புடிச்சு இழுத்தாங்க, கொலைகாரின்னாங்க. ஆனா இந்தப் பதிவுல இருக்கற திட்டு நானாக் கேட்டு வாங்கினது. அது என்னுது, அதுல யாரும் கை வைக்கக் கூடாது. மத்த திட்டுக்கெல்லாம் அவங்களே பதில் சொல்லட்டும்."

சரியான கணக்கு.

ஏப்ரல் 4, வியாழன்

மறு தேர்வு. தேர்வாளர் சுவரோரமாக ஒதுங்கி நின்று, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யலாம் என்று அவரே சொன்னாராம். வக்கீல் தேறிவிட்டாள். இதை நான் பேரன் வைத்திருப்பவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு அந்தக் கட்டடத்துக்குள் இனி வேலை இல்லை. முதல்வர் உத்தரவுப்படி திங்கட்கிழமையிலிருந்து போர்வை, உறை, கையுறை எண்ணி வைக்கும் ஸ்டோர். ஆசிரியர் கூட்டத்துக்கும் வரவேண்டியதில்லை.

அவள் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. பொய். எதிர்பார்த்தேன்.

செப்டம்பர் 11, புதன்

மத்தியானம் ஸ்டோர் கதவைத் தட்டாமல் வந்தாள் வக்கீல். ஐந்து மாதத்தில் இப்போதுதான். தலையில் அந்த அறையின் பச்சைத் தொப்பி, கழற்றவில்லை. உட்காரச் சொல்வதற்குள் போர்வை மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

நாத்தனார் எப்படி இருக்கிறாள் என்றேன். அவளுக்கு அந்த அறைக்குள் வர அனுமதி இல்லையாம், வாசலில் நின்று துணிகளைக் கொடுத்துவிட்டுப் போகிறாளாம். "உள்ள வந்துடாதீங்க அண்ணின்னு தினம் ஒரு தடவை சொல்வேன்" என்றாள். அதைச் சொல்லும்போது முகத்தில் என்ன ஒரு திருப்தி.

பிறகு வந்த விஷயம். புது மெஷின் வந்திருக்கிறதாம். பட்டன், திரை, எல்லாம் வேறு வரிசை. பாகு பாடம் எடுக்கிறாள், நிற்கவில்லை. மாதக் கடைசியில் மறுபடி தேர்வு.

"என்னால முடியாது. திட்டக்கூடாதுன்னு எழுதி வாங்கியிருக்காங்க" என்றேன்.

"உங்களை யாரு திட்டச் சொன்னா? படியை மட்டும் சொல்லுங்க. திட்டு நான் போட்டுக்கறேன்."

போனை எடுத்துப் பதிவை ஓடவிட்டு மூட்டை மேல் வைத்தாள். புது மெஷினின் விளக்கப் புத்தகத்தை என் மடியில் போட்டாள். நான் முதல் படியைப் படித்தேன். அவள் தன் குரலில் சொன்னாள்: "திரையில பச்சை வந்துச்சா பாரு. ஸ்டோர்ல கெடந்து தூங்கற மூஞ்சி, முழிச்சுக்கோ."

"இது என்னையா?"

"இது எனக்கு. எது எனக்கு நிக்கும்னு எனக்குத் தெரியும். அடுத்தது?"

அடுத்ததைப் படித்தேன்.